கடைசிப் பதிவுக்கு ஒரு பூ

ஏழு பத்துக்கு ஜெபராணி இரண்டாவது ஊசியையும் இறக்கி, குழாயைக் கையோடு சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, "அண்ணாச்சி, இனி பதினோரு மணி வரைக்கும் இந்தக் கைய மறந்துருங்க" என்றாள். வாரத்துக்கு மூன்று நாள், ஐந்து வருடமாக, இதே வாக்கியம், இதே குரல். மறக்கிற கையா அது. இடது மணிக்கட்டுக்கு மேலே இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்துப் புடைக்க வைத்த இடத்தில் காதை வைத்தால் உள்ளே மாவு மில் ஓடுகிற இரைச்சல் கேட்கும். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் ஆவுடையப்பனுக்குத் தூக்கம் வராது. ரத்தம் ஒரு குழாய் வழியே வெளியே போய், மிஷினுக்குள் சுற்றி, இன்னொரு குழாய் வழியே வீடு திரும்புகிறது. பாளையங்கோட்டையில் இந்த மூன்றாம் மாடியில் பன்னிரண்டு படுக்கை, பன்னிரண்டு மிஷின், ஒரு டிவி. டிவியில் யாரோ ராசிபலன் சொல்லிக்கொண்டிருந்தார். கும்ப ராசிக்காரர்களுக்கு இன்று எதிர்பாராத இடத்திலிருந்து நல்ல செய்தி வருமாம். வலது கை சும்மா இருக்கிறது. அந்த ஒற்றைக் கையையும் ஒரு செல்போனையும் வைத்துக்கொண்டுதான் ஆவுடையப்பன் பதினோராயிரம் பேரை மேய்த்துவருகிறார். எல்லோரும் அவரைப் போல டயாலிசிஸில் கிடப்பவர்கள், இல்லையென்றால் அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகள். கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய காலத்தில் கற்ற வித்தை. சென்டரை மூடியாகிவிட்டது, வித்தை மிச்சம். 'நாள்விட்டு நாள்' என்று மன்றத்துக்குப் பெயர் வைத்ததும் அவர்தான், சட்டம் போட்டதும் அவர்தான். வழக்கம்போல நிர்வாகிக்கு வரும் கடிதப் பெட்டியைத் திறந்தார். காலை நாலே முக்காலுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது.

"ஐயா வணக்கம். அரக்கோணம் வேலாயுதம் என்ற பெயரில் மன்றத்தில் எழுதுவது அவர் மகள் கார்குழலி, நான்தான். 'வெயிலுக்கு என்ன குடிக்கலாம்' பிரிவில் முதலில் இருக்கும் பதிவைப் பார்த்து நேற்று மத்தியானம் அப்பாவுக்கு இரண்டு இளநீர் கொடுத்தோம். ராத்திரி நெஞ்சை அடைத்துவிட்டது. ஐசியுவில் இருக்கிறார். பொட்டாசியம் எட்டுக்கு மேல் என்கிறார்கள். இப்போதுதான் அந்தப் பதிவின் கீழே மடங்கிக் கிடந்த ஒரு எச்சரிக்கையைத் தட்டித் திறந்து படித்தேன். அதை ஏன் மறைத்தீர்கள்? யார் மறைத்தது?" அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆவுடையப்பன் இரண்டாம் முறை படித்தார், மூன்றாம் முறை படித்தார், பிறகு போனை வயிற்றின் மேல் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்து வைத்தால் எழுத்து அழிந்துவிடுமா என்ன. எட்டுக்கு மேல். ஐந்தைத் தாண்டினாலே டாக்டர் புருவத்தைத் தூக்குவார். எட்டுக்கு மேல் போனவர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு. மதுரைக்காரர் ஒருவர் ஒன்பதைத் தொட்டுவிட்டு வந்து மன்றத்தில் கதை கதையாக எழுதினாரே. வருவார். அரக்கோணம் வேலாயுதமும் வருவார். முருகன் பெயர் வைத்திருக்கிறவர். வந்து, 'ஏன்யா இப்படிப் பண்ணினீர்கள்' என்று அவரே கேட்கட்டும், இரண்டு அறை கூடக் கொடுக்கட்டும், வாங்கிக்கொள்ளலாம். யார் மறைத்தது. ஏன் மறைத்தீர்கள் என்பதற்குப் பதில் எழுதிவிடலாம்: அம்மா, மன்றத்தின் விதி, மைனஸ் ஐந்து விழுந்தால் எந்தக் குறிப்பும் தானாக மடங்கும். யார் என்பதற்குத்தான் பதில் எழுத முடியாது. மிஷின் ஒரு முறை கிர்ரென்றது, பிறகு தன் வேலையைப் பார்த்தது.

முதலில் இருக்கும் பதிவு. திறந்து பார்க்க வேண்டியதில்லை, மனப்பாடம். இசக்கியப்பன் எழுதியது, பங்குனி உத்திரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. "உறவுகளே, வெயில் மண்டையைப் பிளக்கிறது. வீட்டுக்காரி உலகம்மாள் சந்தையிலிருந்து செவ்விளநீர் ரெண்டு சுமந்துவந்து தன் கையால் சீவித் தந்தாள். டாக்டர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். குடித்தேன். உடம்பு பூவாக இருக்கிறது. இவள் கையால் எதைக் குடித்தாலும் எனக்கு ஒத்துக்கொள்ளும்." கீழே ஒரு படம், சீவிய இளநீரோடு உலகம்மாள், வெட்கத்தில் பாதி முகம் முந்தானைக்குள். லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா இசக்கியப்பன். அதோ அந்த நாலாம் நம்பர் படுக்கையில் ஆறு வருடம் கிடந்தவர். இப்போது அதில் ரயில்வேக்காரர் ஒருவர் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு தூங்குகிறார். இசக்கி தூங்கவே மாட்டார். நாலு மணி நேரமும் வாய். வார்டு முழுக்கச் சிரிக்கும். இளநீர் ஆகாது என்று அவருக்குத் தெரியாதா? எல்லோருக்கும் தெரியும், முதல் நாளே அட்டையில் சிவப்பு மையில் எழுதித் தருகிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே. சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளி, நாக்கு செத்துக் கிடக்கும், நாளைக்குக் காலையில்தான் மிஷின் எல்லாவற்றையும் இழுத்துவிடுமே என்று ஒரு தைரியம் வரும். அந்தத் திருட்டுத் தைரியம் எல்லோருக்கும் உண்டு. ஆவுடையப்பன் போன மாதம் மாம்பழம் ஒரு கீற்று தின்றார். திங்கள் விடியற்காலையில் இசக்கி சட்டைப் பொத்தான் போடும்போதே சாய்ந்துவிட்டார். ஹார்ட் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஹார்ட் எதற்கு நின்றது என்று யாரும் கேட்கவில்லை. டயாலிசிஸ்காரன் செத்தால் யாரும் காரணம் கேட்பதில்லை, இத்தனை நாள் இருந்ததே பெரிது என்பார்கள்.

இசக்கிதான் அன்றைக்கே கேலி செய்தார், ஆவுடையப்பன் மன்றத்தில் ஓட்டுப் போடும் அம்புகளைக் கொண்டுவந்தபோது. மன்றம் ஆரம்பித்த புதிதில் புதிய பதிவுதான் மேலே நிற்கும். அதனால் என்ன ஆயிற்று, காலை வணக்கம், ரோஜாப்பூ, தத்துவம், இவைதான் மேலே நிற்கும். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நர்ஸ் பாடுபட்டு எழுதியது அரை நாளில் அடியாழத்துக்குப் போய்விடும். அப்புறம் மூலிகைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். இந்த வேரைக் குடி, மிஷினை விட்டுவிடலாம், கூரியர் செலவு இலவசம். ஆவுடையப்பன் பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிவுக்கும் மேலம்பு ஒன்று, கீழம்பு ஒன்று வைத்தார். பயன்பட்டால் மேலே அழுத்து, கேடு என்றால் கீழே அழுத்து. அதிகம் மேலம்பு வாங்கியது முதலில் நிற்கும், மைனஸ் ஐந்து வாங்கியது மடங்கிவிடும். யார் எதை அழுத்தினார்கள் என்று நிர்வாகிக்கு மட்டும் தெரியும். "ஏ ஆவுடை, ஓட்டு வாங்குனவன் சொல்றதெல்லாம் சரின்னா நம்ம வார்டு கவுன்சிலர் சொல்றதெல்லாம் வேதமா வே?" என்று நாலாம் நம்பரிலிருந்து குரல் வந்தது. ஜெபராணி குனிந்துகொண்டு சிரித்தாள். ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. "நீரு ஒரு யோசனை சொல்லும் பாப்போம்" என்றார். "எனக்கென்ன தெரியும், நான் லாரிக்கு ரசீது போடுதவன்" என்றார் இசக்கி. ஆனால் வேலை செய்ததே. இரண்டு வருடம் அந்த அம்புகள் நன்றாகத்தானே வேலை செய்தன. மூலிகைக்காரர்கள் ஒரு மாதத்தில் ஓடிப்போனார்கள். நர்ஸின் குறிப்பு மேலே வந்து நின்றது. நாலு உயிராவது அதனால் பிழைத்திருக்கும். நாலு. எங்கிருந்து வந்தது இந்த நாலு? எண்ணிப் பார்த்தாரா? பிழைத்தவர்கள் யாரும் வந்து, உங்கள் அம்பால் பிழைத்தேன் என்று எழுதுவதில்லை. கெட்டுப்போனது மட்டும் நாலே முக்கால் மணிக்கு எழுந்து வந்து எழுதுகிறது.

கால் விரலில் சுளுக்குப் பிடிக்கிற மாதிரி இருந்தது. மிஷின் உடம்பிலிருந்து தண்ணீரை வேகமாக இழுக்கிறது போல. இரண்டே முக்கால் கிலோ ஏறியிருக்கிறீர்கள் என்று ஜெபராணி எடை பார்க்கும்போதே வைதாள். வாய் வறண்டது. ஒரு ஐஸ்கட்டி கேட்கலாமா, வேண்டாம். வேலாயுதத்துக்கும் இப்படித்தான் வறண்டிருக்கும். நேற்று அரக்கோணத்தில் எத்தனை டிகிரி வெயிலோ. மகள் பார்த்திருப்பாள், அப்பா உதட்டை நக்கிக்கொண்டே கிடக்கிறார், என்ன கொடுக்கலாம், மன்றத்தைத் திறப்போம், பெரியவர்கள் எழுதியிருப்பார்கள். திறந்ததும் முதலில் செவ்விளநீர், நானூற்றுப் பன்னிரண்டு மேலம்பு. நானூற்றுப் பன்னிரண்டு பேர் சொன்னால் அது தப்பாக இருக்குமா? அவள் மேல் என்ன குற்றம். அது அம்பு இல்லையம்மா, பூ. உனக்கு யாரும் சொல்லவில்லை. நீ சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. மன்னார்குடி டீச்சர் இறந்தபோது ஆரம்பித்தது அந்தப் பழக்கம். டீச்சர் கடைசியாக எழுதியது அவர்கள் வீட்டுப் பூனையைப் பற்றி. சாவுச் செய்தி வந்த அன்று யாருக்கும் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஆழ்ந்த இரங்கலை எத்தனை முறைதான் எழுதுவது, அடுத்தது யாருக்கோ என்ற பயத்தோடு. யாரோ ஒரு பெண், "டீச்சரின் கடைசிப் பதிவுக்கு ஒரு பூ போட்டுவிட்டு வந்தேன்" என்று எழுதினாள். மேலம்பை அழுத்தினாள், அதைத்தான் பூ என்றாள். போய்ப் பார்த்தால் பூனைக்கு இருநூறு. அன்றைக்கு ஆவுடையப்பன் அழுதார், வாய்விட்டே அழுதார். தானும் ஒன்று போட்டார். அதிலிருந்து அது சட்டமாகிவிட்டது, அவர் போடாத சட்டம். சாவுச் செய்திக்குப் பூ போடக் கூடாது. அந்த மனிதர் உயிரோடு கடைசியாக எழுதியதற்குத்தான் போட வேண்டும். ஒருவர் கடைசியாக எழுதியது 'நாளைக்குப் பேசுவோம்'. அது முந்நூற்று ஆறு பூவோடு 'ஊசி வலிக்கு என்ன செய்யலாம்' பிரிவில் முதலிடத்தில் நிற்கிறது. ஊசி வலியோடு வருகிற புதுசுகள் அதைப் படித்துவிட்டு என்ன நினைக்குமோ. ஓசூரிலிருந்து நிவேதன் என்ற பையன், அம்மாவுக்காக மன்றத்துக்கு வருகிறவன், கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவன், தெளிவாக எழுதிக் கேட்டான்: சார், பூவையும் அம்பையும் பிரித்துவிடுங்கள், இரண்டு பொத்தான் வையுங்கள், இறந்தவர்கள் பதிவுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள், நானே செய்து தருகிறேன், இரண்டு ஞாயிறு போதும். ஆவுடையப்பன் என்ன பதில் எழுதினார்? பரிசீலிப்போம் என்று எழுதினார். அரசாங்க ஆபீசில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை, அந்த வார்த்தை மட்டும் எப்படித்தான் வாய்க்கு வந்ததோ.

ஏன் பரிசீலித்தார் என்பதையும் சொல்லிவிடலாம், மனசுக்குள்தானே. அந்த மென்பொருளில் ஒரு பதிவை வேறு இடத்துக்கு நகர்த்தினால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். இசக்கியின் பதினாறாம் நாள் காரியத்தில், பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, உலகம்மாள் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். அந்தப் பதிவு, அந்தப் படம். "அண்ணே, இத மட்டும் எடுத்துராதீங்க. இருவத்தாறு வருசத்துல அவுக என்னப் பத்தி நல்லதா நாலு பேருக்குச் சொன்னது இது ஒண்ணுதான்" என்றாள். "எடுக்க மாட்டேன்" என்றார் ஆவுடையப்பன். ஜவுளிக்கடையில் ஜாக்கெட் தைக்கிற பிரிவில் வேலை அவளுக்கு. தினம் பதினோரு மணி டீ நேரத்தில் திறந்து பார்ப்பாள், பூ ஒன்று கூடியிருந்தால் அவருக்குச் செய்தி அனுப்புவாள், 'அண்ணே இன்னிக்கு 409'. அவள் படிக்கக் கூடாதது அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். நாகூரிலிருந்து ரஹ்மத் நிஷா என்ற டெக்னீஷியன், சாவுக்கு மறுநாள் கீழே எழுதியது: "மன்னிக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிக அதிகம். டயாலிசிஸில் இருப்பவர்கள் யாரும் இதைப் பின்பற்றாதீர்கள். இதயம் நின்றுவிடும்." எத்தனை தன்மையாக எழுதியிருந்தாள். ஊரே அவள் மேல் பாய்ந்தது. சாவு வீட்டில் வந்து பேசுகிற பேச்சா இது, உன் வீட்டில் யாரும் சாகவில்லையா. கீழம்பு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலில் நின்றது. ஒரு மணி நேரம் நாலிலேயே நின்றது. ஆவுடையப்பன் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவள் சொல்வது சரி என்று அவருக்குத் தெரியும். உலகம்மாள் இதைப் படித்தால் என்ன ஆவாள் என்பதும் தெரியும். சுமந்துவந்தவள், சீவித் தந்தவள், வெட்கப்பட்டுக்கொண்டு படத்துக்கு நின்றவள். இதயம் நின்றுவிடும் என்று அங்கே எழுதியிருக்கிறது. யாரும் அழுத்த மாட்டார்களா, யாராவது ஒருவர் அழுத்திவிட்டால் நாம் அழுத்த வேண்டாமே என்று காத்திருந்தார். யாரும் அழுத்தவில்லை. ஐந்தாவது கீழம்பை அவர் அழுத்தினார். மடங்கிவிட்டது. ஒரு பெண்பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் அன்று தூங்கப்போனார், நன்றாகவே தூங்கினார். நிஷா அதற்குப் பிறகு மன்றத்துக்கு வரவே இல்லை. யார் மறைத்தது என்று கேட்கிறாயே கார்குழலி, நான் மறைத்தேன். ஒருத்திக்கு இரக்கப்பட்டேன், நீ என் கண்ணுக்குத் தெரியவில்லை. அரக்கோணத்தில் வெயில் அடிக்கும், உன் அப்பா உதட்டை நக்குவார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லையா? பொய். யாராவது ஒருவர் என்றைக்காவது குடிப்பார் என்று தெரியும். இந்தப் பங்குனியில் இல்லை, சித்திரையில் இல்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்.

ஒன்பதரைக்கு எழுத ஆரம்பித்தார். ஒற்றைக் கட்டைவிரலால் எழுதுவது. 'அன்புள்ள கார்குழலி' என்று எழுதி அழித்தார். 'அப்பா எப்படி இருக்கிறார்' என்று எழுதி அதையும் அழித்தார். கேட்க என்ன யோக்கியதை. இப்போதே அந்தப் பதிவை நீக்கிவிட்டால் என்ன? நீக்கலாம், ஒரு அழுத்து. பதினோரு மணிக்கு உலகம்மாள் டீ டம்ளரோடு திறப்பாள், இருக்காது. ஏன் என்று கேட்பாள். எதைச் சொல்லி நீக்குவது? நீக்காமல் நிஷாவின் குறிப்பை விரித்து மேலே வைத்தால்? அதையும் அவள்தான் முதலில் படிப்பாள். இந்தப் பக்கம் போனாலும் அவள், அந்தப் பக்கம் போனாலும் அவள். வேலாயுதம் பிழைத்துவிட்டால் ஒன்றும் வேண்டாம். பிழைத்துவிட்டால் நிவேதனிடம் சொல்லி நைசாக இரண்டு பொத்தான் வைத்து, யாருக்கும் வலிக்காமல். அடப்பாவி, அந்த மனுஷன் பிழைக்க வேண்டும் என்று எதற்காகக் கேட்கிறாய்? அவருக்காகவா, நீ வாயைத் திறக்காமல் தப்பிப்பதற்காகவா? சுளுக்குக் கெண்டைக்கால் வரை ஏறிவிட்டது. "தங்கச்சி" என்று கூப்பிட்டார். ஜெபராணி ஓடிவந்து பாதத்தைப் பிடித்து மடக்கி அழுத்தினாள். "தண்ணிய இவ்வளவு ஏத்திட்டு வந்தா கால் என்ன செய்யும்? ஞாயித்துக்கிழம என்னத்தக் குடிச்சீங்க, உண்மையச் சொல்லுங்க" என்றாள். "மோர்தான்" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கால் வலி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பத்தே முக்கால் இருக்கும். மன்றத்தின் முதல் பக்கத்தில், வேலாயுதம் என்ற பெயரில் புதிய பதிவு. "அப்பா இன்று காலை ஒன்பது ஐம்பதுக்குக் காலமானார். மகள் கார்குழலி." இதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இளநீரைப் பற்றி இல்லை, மடங்கிக் கிடந்ததைப் பற்றி இல்லை. இவர் கட்டைவிரலால் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தபோது போயிருக்கிறார். முதல் ஊசி இறங்கும்போது இருந்தவர், கெண்டைக்கால் சுளுக்கும்போது இல்லை. ஆவுடையப்பனுக்குக் காதுக்குள் மாவு மில் ஓடியது. ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல், ஓம் சாந்தி, ஐயாவின் ஆன்மா. ஒருவர் எழுதிவிட்டார்: "ஐயாவின் கடைசிப் பதிவுக்குப் பூ போட்டுவிட்டேன்." கடைசிப் பதிவு. வேலாயுதம் பெயரில் உயிரோடு இருந்தபோது கடைசியாக வந்தது எது? ஆவுடையப்பன் தேடிப் பிடித்தார். நேற்று மாலை நாலு மணிக்கு, அதே வெயில் பிரிவில். "மூத்தவர் சொன்னபடி அப்பாவுக்கு ரெண்டு செவ்விளநீர் கொடுத்தோம். முகம் தெளிந்துவிட்டது. சிரித்தார். வழிகாட்டிய மன்றத்துக்கு நன்றி." அதற்கு இருபத்தி மூன்று பூ. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தொன்று. நாற்பது. வரிசை மாறியது, ஒவ்வொரு பதிவாகத் தாண்டி மேலே ஏறுகிறது. ஐம்பத்தெட்டு. இன்னும் ஒரு மணி நேரத்தில் இசக்கிக்கு அடுத்த இடத்தில் வந்து நிற்கும். ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு பேர் இளநீர் குடிக்கச் சொல்லிக்கொண்டு நிற்பார்கள், கீழே அறுநூறு பேர் ஆமாம் ஆமாம் என்பார்கள். யாரும் படிக்கவில்லை. ஒருவரும் படிப்பதில்லை. கும்பிடு போடுகிற அவசரத்தில் சாமியைப் பார்க்காத கூட்டம். நீக்கு, இப்போதே நீக்கு. நீக்கும் பொத்தானைத் தட்டினார். மென்பொருள் கடவுச்சொல் கேட்டது. நீக்குவதற்கு மட்டும் கேட்கும், அதுவும் அவர் வைத்த பாதுகாப்புத்தான். ஒற்றைக் கையில் ஒரு எழுத்தை மாற்றி அழுத்தினார், தவறு என்றது. மறுபடியும் தவறு. கடவுச்சொல் நினைவில் இருக்கிறது, விரல்தான் கேட்கவில்லை. அதற்குள் நேரம் ஓடிவிட்டது போல. மிஷின் பாட்டுப் பாடியது, ஜெபராணி கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"போனக் கீழ வைங்க அண்ணாச்சி. ஊசி எடுக்கணும்." ஊசியை உருவியதும் பஞ்சை வைத்து, அவருடைய வலது கையைப் பிடித்து அதன் மேல் வைத்தாள். பத்து நிமிடம், விடாமல், இரண்டு விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் ரத்தம் கூரைக்கு அடிக்கும். இப்போது இரண்டு கையும் போய்விட்டது. போன் வயிற்றின் மேல் கிடந்தது, திரையில் எழுபத்தாறு. "தங்கச்சி, அந்தப் போனக் கொஞ்சம் எடு" என்றார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு எடுத்தாள். அவளும் மன்றத்தில் இருப்பவள்தான், இந்த வார்டே மன்றத்தில்தான் இருக்கிறது. திரையைப் பார்த்தாள். "அய்யோ, அரக்கோணத்துக்காரர் போயிட்டாரா? புதுசா வந்தவருல்லா" என்றாள். உச்சுக் கொட்டினாள். பெருவிரலால் மேலம்பை ஒரு தட்டுத் தட்டினாள். எழுபத்தேழு. "பாவம், நல்ல மனுசன். சொல்லுங்க, என்ன செய்யணும்?"

ஆவுடையப்பன் அவள் முகத்தையே பார்த்தார். பதினான்கு வருட அனுபவக்காரி. ஒவ்வொரு நோயாளியிடமும் இளநீர், வாழைப்பழம், கீரை என்று விரல் மடக்கிச் சொல்கிறவள். "படி தாயி" என்றார். "நீ பூ போட்டியே, அத முழுசாப் படி." படித்தாள். உதடு அசைந்து படித்தாள். இரண்டாம் வரியில் நின்றுவிட்டாள். "இளநியா? யாரு குடுக்கச் சொன்னா?" என்றாள். "மேல பாரு." மேலே தள்ளினாள். நாலாம் நம்பர் படுக்கையில் ஆறு வருடம் அவள் கையால் ஊசி வாங்கிய மனிதரின் பெயரைப் பார்த்தாள். இதற்கும் அவள் பூ போட்டிருக்கிறாள், பங்குனியிலேயே. "கீழ ஒண்ணு மடங்கிக் கெடக்கும்" என்றார். அதைத் தட்டித் திறந்து அதையும் படித்தாள். "ஒரு டெக்னீசியன் கரெக்டாச் சொல்லியிருக்கா. இத எந்த மூதேவி மறைச்சது?" "நான்தான்" என்றார் ஆவுடையப்பன். "உலகம்மா படிச்சிரக் கூடாதுன்னு." ஜெபராணி பஞ்சில் சிவப்பு ஊறுவதைப் பார்த்துவிட்டு அவர் விரல்களின் மேல் தன் விரலை வைத்து ஓங்கி அழுத்தினாள், வலிக்கும்படியாகவே அழுத்தினாள். பிறகு, "எதத் தட்டணும், சொல்லுங்க" என்றாள்.

கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். வார்டில் எல்லோருக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும். முதலில் வேலாயுதத்தின் பதிவு, எண்பத்தொரு பூவோடு போனது. அடுத்தது. 'இந்தப் பதிவை நீக்கினால் 412 வாக்குகளும் அழியும். உறுதியா?' என்று கேட்பதை அவள் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு அவரைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றேகால். டீ டம்ளர், ஜவுளிக்கடை மாடிப்படி, பாதி முகம் முந்தானைக்குள். "தட்டு" என்றார். தட்டினாள். செவ்விளநீரும் படமும் போய், அந்த இடத்தில் இன்னொருவரின் மோர்க் குறிப்பு வந்து நின்றது, பன்னிரண்டு மேலம்போடு. அப்பாடா என்று இருக்கும் என நினைத்தார், அப்படி ஒன்றும் இல்லை. நாகூர்ப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கார்குழலிக்கு எழுத வேண்டும், பதினோராயிரம் பேருக்கும் எழுத வேண்டும், ஐந்தாவது அம்பு யாருடையது என்று. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் ஜெபராணியின் கையிலேயே போன் அதிர்ந்தது. அவள் பெயரைப் பார்த்தாள். "உலகம்மாக்கா" என்றாள். "எடுக்கவா?"

எடுக்காதே என்று சொல்ல வாய் வந்தது. இன்னும் ஐந்து நிமிடம் கையை எடுக்க முடியாது, அது ஒரு நல்ல சாக்கு. ஐந்து. எடு என்று தலையை ஆட்டினார். அவள் பொத்தானைத் தட்டி, போனை அவர் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தையல் மிஷின்களின் சத்தம் கேட்டது, அதற்கு நடுவில் அவசர அவசரமாக உலகம்மாளின் குரல். "அண்ணே, அவுக பூவெல்லாம் எங்கண்ணே? எல்லாம் போயிருக்கு, படத்தையும் காணும். என் போன்ல கோளாறா, ஒங்க போன்ல இருக்கா, பாருங்கண்ணே."

"கோளாறு இல்ல உலகு" என்றார் ஆவுடையப்பன். "நான்தான் எடுத்தேன். நீ நிக்கியா, உக்காந்திருக்கியா?"

"நிக்கேன்" என்றாள் அவள்.

"உக்காரு" என்றார்.